ஒல்லாந்தர் விட்டுப்போன வீடு

தில்லி சாணக்கியபுரியில், சாந்தி பத் சாலையில் நெதர்லாந்துத் தூதரகம் இருக்கிறது. அந்தச் சாலையில் நடந்தால் எந்த நாட்டையும் முழுதாகப் பார்க்க முடியாது. மதிலும் மரமும் கொடிக்கம்பமும்தான் கண்ணில் படும். அயலூரில் வந்து கட்டிடம் கட்டுகிறவன் முதலில் எழுப்புவது சுற்றுச்சுவரைத்தான் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். டச்சுக்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் கரையில் அவர்கள் கால் ஊன்றியதும் மதிலைக் கட்டித்தான்.

தில்லிக்கு அவர்கள் புதியவர்கள் இல்லை. 1711-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி யோஷுவா கேட்டலார் என்பவரை முகலாய தர்பாருக்குத் தூது அனுப்பியது. பகதூர் ஷாவைப் பார்க்க அவர் லாகூர்வரை போனார். பாதுஷா 1712 பிப்ரவரியில் கண்ணை மூட, அடுத்துப் பட்டத்துக்கு வந்த ஜகந்தர் ஷாவின் பின்னால் தில்லிக்கு வந்து, வியாபாரச் சலுகைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். இந்துஸ்தானி மொழிக்கு இலக்கணம் எழுதிய முதல் ஐரோப்பியர் என்ற பெயரும் இவருக்குத்தான். ஆனால் இது டச்சுக்காரன் கட்டியது என்று காட்ட இன்று தில்லியில் எதுவும் இல்லை. பக்கத்தில் ஆக்ராவுக்குப் போனால், மராட்டியத் தலைவர் சிந்தியாவின் படையில் இருந்து 1803-இல் இறந்த ஜான் ஹெஸ்ஸிங் என்ற டச்சுக்காரரின் சமாதி இருக்கிறது. சிவப்புக் கல்லில் கட்டிய குட்டித் தாஜ்மகால் அது. டச்சுப் பாணியை அதில் மருந்துக்கும் காண முடியாது.

டச்சுக்காரர்கள் கட்டியதைப் பார்க்க ஆசைப்படும் தில்லிவாசி, சென்னைக்கு ரயிலேறலாம். அங்கிருந்து பழவேற்காட்டுக்கோ சதுரங்கப்பட்டினத்துக்கோ போய்ச் சேர்ந்தால், வாசலில் நிற்கும் நீலப் பலகை மறுபடியும் தில்லியைக் காட்டும். இந்தியத் தொல்லியல் துறையின் பலகை அது. துறையின் தலைமையகம் தில்லி திலக் மார்க்கில், 24-ஆம் எண் கட்டிடத்தில் இருக்கிறது. நாடு முழுவதும் அதன் பொறுப்பில் இருக்கும் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்களில் பழவேற்காட்டு டச்சுக் கல்லறையும் சதுரங்கப்பட்டினம் கோட்டையும் அடக்கம்.

பழவேற்காடு: கோட்டை போய்க் கல்லறை நின்ற கதை

டச்சுக்காரர்களை அந்தக் காலத்தில் நம்மவர்கள் ஒல்லாந்தர் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் அதுதான் பெயர். 1602-இல் கம்பெனி தொடங்கியவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது கிராம்பும் சாதிக்காயும். அவை விளைந்த, இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலோ, வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணிக்குத்தான் மவுசு. துணிக்காக அவர்கள் நம் கரைக்கு வந்தார்கள். 1610-இல் பழவேற்காட்டில் இடம் பிடித்து, 1613-இல் கோட்டை கட்டினார்கள். அப்போது அங்கே தலைவராக இருந்த வெம்மர் வான் பெர்ஹெமின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. அதனால் கோட்டைக்கு கெல்டிரியா என்று பெயர் வைத்தார்கள்.

உள்ளே பண்டகசாலை, நாணயச் சாலை, வெடிமருந்துப் பட்டறை எல்லாம் இருந்தன. துணி மட்டும் கப்பலேறவில்லை. பஞ்ச காலத்தில் விலைக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழரும் தெலுங்கரும் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, போனார்கள். அந்தக் கோட்டையின் செங்கல்லைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781-இல் நாகப்பட்டினம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. கெல்டிரியா கோட்டையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் இடித்தார்கள். இரு தரப்பும் 1824-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அடுத்த ஆண்டு சோழமண்டலக் கரையில் மிஞ்சியிருந்த டச்சு ஊர்கள் எல்லாம் அவர்கள் வசமாயின.

இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் மேடும்தான். அகழியின் தடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊரோ உயிரோடு இருக்கிறது. ஏரியில் படகு, கரையில் இறாலும் நண்டும், பருவத்தில் பூநாரை, ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வரும் கூட்டம். அந்த ஊரின் நடுவில், சுற்றுச்சுவருக்குள், டச்சுக் கல்லறை இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் துவாரபாலகர் மாதிரி நிற்கின்றன. உள்ளே 76 கல்லறைகள். சிலவற்றின்மேல் கூம்பு, சிலவற்றின்மேல் குவிமாடம், தரையில் கருங்கல் பலகைகள். பலகையைக் குனிந்து பார்த்தால் எழுத்து பள்ளமாக வெட்டப்படாமல், சுற்றியுள்ள கல் செதுக்கி எடுக்கப்பட்டு, மேடாக நிற்பது தெரியும். ஓரத்தில் கொடியும் இலையும், மேலே குலச்சின்னம். விரலால் தடவினால் மொழி தெரியாதவரும் எழுத்தைக் கூட்டலாம். இப்படிப்பட்ட பலகைகள் சோழமண்டலக் கரையிலிருந்து பட்டேவியாவரை கப்பலேறின. டச்சுக்காரனின் பெயரைக் கல்லில் நிறுத்தியதில் நம் கல்தச்சரின் உளிக்கும் பங்குண்டு.

கோட்டை போய்க் கல்லறை ஏன் நின்றது? எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் காலி செய்யாத இடம் அது ஒன்றுதான். குடியிருந்தவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

அதே வியாபாரி, அவன் ஊரில்

பழவேற்காட்டுத் துணியிலும் சாதிக்காயிலும் சம்பாதித்தவன் ஆம்ஸ்டர்டாமில் எப்படி வீடு கட்டினான்? அது சதுப்பு நிலம். மரக் கழிகளை ஆழமாக அடித்து, அவற்றின் தலையில்தான் சுவரையே எழுப்ப வேண்டும். 1655-இல் திறக்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் நகரமன்றம், இன்றைய அரண்மனை, 13,659 கழிகளின்மேல் நிற்கிறது. கால்வாய்க் கரையில் மனை குறுகல். அதனால் வீடு முன்பக்கம் ஒடுங்கி, பின்னால் நீண்டு, உயரமாக எழுந்தது. நம் அக்ரகாரத்து வீட்டை மாடிமேல் மாடியாக அடுக்கியது போல. முகப்பின் உச்சியைப் படிக்கட்டு போலவோ, கழுத்து போலவோ, மணி போலவோ வடித்தார்கள். அந்த உச்சியில் ஒரு உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கொக்கி, கொக்கியில் கயிறு. கீழே குடும்பம், மேல்மாடியில் சரக்கு. மிளகு மூட்டையும் துணிப் பொதியும் அந்தக் கயிற்றில்தான் மேலே ஏறின. ஏறும்போது சுவரில் உரசாமல் இருக்க, முகப்பையே கொஞ்சம் தெருப்பக்கம் சாய்த்துக் கட்டினார்கள்.

கவனிக்க வேண்டியது சன்னல். அகலமான, உயரமான கண்ணாடிச் சன்னல், நேராகத் தெருவைப் பார்த்து. மாலையில் விளக்கேற்றிய பிறகும் திரையை இழுத்து மூடாத வழக்கம் அந்த நாட்டில் இன்றும் பல வீடுகளில் உண்டு. அதே காலத்தில், அதே கம்பெனிக்காரன் நம் கரையில் கட்டியதில் சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பீரங்கி நின்றது. அவன் ஊரில் அவனுக்கு அண்டைவீட்டார் இருந்தார்கள். இங்கே அவன் வந்தேறி. அந்த வித்தியாசம் சுவரிலேயே தெரிந்தது.

ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வட்டத்தை 2010-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த பிறகும் அந்த வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். படி குறுகலாக இருப்பதால், வீடு மாறும்போது பீரோவையும் சோபாவையும் இன்றும் அந்தக் கொக்கியில் கயிறு கட்டித்தான் சன்னல் வழியாக ஏற்றுகிறார்கள். மிளகு ஏறிய கொக்கி இன்னும் வேலையில் இருக்கிறது.

சதுரங்கப்பட்டினம்: பண்டகசாலையில் வெயில்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் வாயில் இது சத்ராஸ். நெசவாளர் ஊர், மெல்லிய மஸ்லினுக்குப் பெயர் போனது. கடலைப் பார்த்தபடி செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு கோட்டை கட்டி, துணியை வாங்கி அடுக்கினார்கள். 1780-களின் போரில் ஊர் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் மோதிய கடற்போருக்கு இந்த ஊரின் பெயர்தான்.

இன்று வாசலில் பீரங்கிகள் இருக்கின்றன. உள்ளே நீளமான பண்டகசாலைகள், யானைமேல் ஏறக் கட்டிய சாய்தளம், சுவர் சூழ்ந்த சிறு கல்லறை. தொல்லியல் துறை தோண்டி, துப்புரவாக்கி, இடிந்ததைத் தாங்கி நிறுத்தியிருக்கிறது. பக்கத்துக் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். டச்சுக் கோட்டையும் 1980-களில் ஓடத் தொடங்கிய அணு உலையும் ஒரே கடற்கரையில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுகின்றன. இங்கே வருகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

பழைய சுண்ணாம்புச் சுவரைக் கெடுப்பதில் மழைக்குச் சமமாக இன்னொன்று உண்டு: ஆள் இல்லாமை. ஆள் இருந்தால் ஓடு மாற்றுவார்கள், வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளையடிப்பார்கள், விரிசலில் முளைத்த அரசங்கன்றைக் கையோடு பிடுங்கிப் போடுவார்கள். யாருமில்லாத சுவரில் அந்தக் கன்று மரமாகும். கிராமத்தில் பூட்டிக் கிடக்கும் தாத்தா வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காலியும் யாழ்ப்பாணமும்

இதற்குச் சாட்சி இலங்கையில் இருக்கிறது. காலிக் கோட்டை, யாழ்ப்பாணக் கோட்டை இரண்டுமே போர்த்துக்கீசியர் தொடங்கி, டச்சுக்காரர் பெரிதாக்கியவை. காலியில் மதிலுக்குள் ஓர் ஊரே இருந்தது. தெருவைப் பார்த்துத் தூண் வைத்த முன்திண்ணை, உயர்ந்த கூரை, பின்னால் முற்றம், அதைச் சுற்றி அறைகள் என்று வீடுகள். வெயில் ஊரில் டச்சுக்காரன் சன்னல் வீட்டைக் கைவிட்டு, உள்ளூர் முற்றத்தைக் கற்றுக்கொண்ட இடம் அது. அவன் போன பிறகும் பறங்கியரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அந்த வீடுகளில் இருந்தார்கள். 1988-இல் காலிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2004 டிசம்பரில் கடல் எழுந்தபோது மதில் உள்ளிருந்த ஊரைக் காத்தது. இன்றும் அங்கே பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

யாழ்ப்பாணக் கோட்டை படைக்கும் ஆட்சிக்குமான இடம். ஊர் வெளியே இருந்தது. 1658-இல் பிடித்து, முருகைக்கல்லால் ஐந்து மூலைக் கோட்டையாக மாற்றினார்கள். கொத்தளங்களுக்கு ஹாலந்து, ஜீலாந்து, உட்ரெக்ட், ஃப்ரீஸ்லாந்து, கெல்டர்லாந்து என்று தங்கள் மாகாணப் பெயர்களையே வைத்தார்கள். 1706-இல் உள்ளே சிலுவை வடிவத் தேவாலயம் ஒன்றைக் கட்டினார்கள். வெளி அரண்கள் 1792-இல் முடிந்தன. மூன்றே ஆண்டில், 1795-இல், பிரிட்டிஷார் வந்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் போரில் அந்த மதிலுக்கு மறுபடியும் வேலை வந்தது. 1990 முற்றுகையில் கோட்டை நொறுங்கியது. தேவாலயம் கற்குவியலானது. போர் முடிந்ததும் டச்சு அரசின் நிதியோடு சீரமைப்பு நடந்தது. இப்போது மாலை வேளையில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் மதில்மேல் நடந்து கடல்நீரேரியில் சூரியன் விழுவதைப் பார்க்கின்றன. எந்த மக்களை வெளியே நிறுத்தக் கட்டினார்களோ, அந்த மக்கள் உள்ளே வந்த பிறகுதான் கோட்டைக்கு மறுவாழ்வு.

கொச்சியும் இதையே சொல்கிறது. 1744-இல் டச்சுக்காரர் கட்டிய போல்காட்டி மாளிகை இன்று கேரள அரசின் சுற்றுலா விடுதி. கோட்டைக் கொச்சி டேவிட் ஹாலில் ஓவியக் கண்காட்சி நடக்கிறது. நம் தூத்துக்குடியிலும் 1750-இல் டச்சுக்காரர் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அதில் இன்றும் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. அதனால்தான் அதற்குக் கூரை இருக்கிறது.

அவர்கள் நாட்டில் இன்று

டச்சுக்காரர்கள் பழசை மட்டும் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இல்லை. புதுமையில் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்கவைத்தவர்கள். 1924-இல் ரீட்வெல்ட் என்ற தச்சர் மகன் உட்ரெக்டில் ஷ்ரோடர் என்ற பெண்மணிக்கு ஒரு வீடு கட்டினார். வெள்ளையும் சாம்பலுமான பலகைகள், நடுநடுவே சிவப்பு, மஞ்சள், நீலக் கோடுகள். மாடியில் நிலையான சுவர் கிடையாது. பகலில் தள்ளிவிட்டால் ஒரே கூடம், இரவில் இழுத்தால் தனித்தனி அறை. அந்த அம்மாள் 1985-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். புரட்சி என்று உலகம் கொண்டாடிய வீட்டில் ஒருவர் அறுபது ஆண்டு சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளை வளர்த்தார். 2000-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

1940 மே 14 அன்று ஜெர்மன் குண்டுவீச்சில் ரோட்டர்டாம் நகரின் நடுப்பகுதி அழிந்தது. பழையதை அச்சாகத் திருப்பிக் கட்டாமல், அங்கே புதிதாகவே கட்டினார்கள். 1953-இல் வண்டி நுழையாத கடைத்தெரு ஒன்று திறந்தார்கள். பெயர் லைன்பான். கயிறு திரிக்கும் களம் என்று பொருள். காலிக் கோட்டைக்குள்ளும் அதே பெயரில் ஒரு தெரு இருக்கிறது. கப்பல் கயிறு திரித்த இடம். ஒரே பெயர், ஒன்று நவீனக் கடைத்தெரு, மற்றொன்று ஓட்டுவீட்டுத் தெரு. இரண்டிலும் ஆள் நடமாட்டம்.

2014-இல் அதே ரோட்டர்டாமில் மார்க்தால் வந்தது. குதிரை லாடத்தைக் கவிழ்த்தது போன்ற மாபெரும் வளைவு. வளைவுக்குள் 228 வீடுகள், வளைவின் நிழலில் மீனும் காய்கறியும் பாலாடைக்கட்டியும் விற்கும் சந்தை. சில வீடுகளிலிருந்து சன்னல் வழியாகக் குனிந்தால் சந்தை தெரியும். கீழே குடும்பம் மேலே சரக்கு என்றிருந்த கால்வாய் வீட்டைத் தலைகீழாக்கி, கீழே சரக்கு மேலே குடும்பம் என்று வைத்திருக்கிறார்கள். பாணி எத்தனை மாறினாலும், வியாபாரமும் வாழ்க்கையும் ஒரே கூரையில் என்ற பழக்கம் விடவில்லை.

பழைய வீடுகளைக் காக்க அவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. ஹென்ட்ரிக் டி கெய்சர் சங்கம் என்று 1918-இல் தொடங்கியது. வரலாற்று மதிப்புள்ள வீடுகளை வாங்கும், செப்பனிடும், பிறகு வாடகைக்கு விடும். இப்படி 400-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அதன் கையில் உள்ளன. வாடகைக்காரர்தான் அங்கே காவலர்.

மிஞ்சியது ஒரு வீடு

டச்சுக் கட்டிடக் கலை நம்மிடம் எதையும் விட்டுப்போகவில்லை என்று சொல்லிவிட முடியாது. சொல் விட்டுப்போயிருக்கிறது. கையில் துட்டு இல்லை என்கிறோமே, அது டியூட் என்ற டச்சுச் செப்புக்காசு. இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என்பது கான்டோர் என்ற டச்சுச் சொல். கக்கூஸ் என்பதும் அவர்கள் தந்ததுதான். அதன் கடைசிப் பகுதி ஹௌஸ், டச்சில் வீடு. இருநூறு ஆண்டு இங்கே இருந்த டச்சுக்காரனின் வீடுகளில் தமிழ் தன் நாக்கில் வைத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். காரணம் எளிது. அதைத் தினமும் புழங்கினோம்.

2019 அக்டோபரில் நெதர்லாந்து அரசர் வில்லெம் அலெக்சாண்டர் அரசியோடு தில்லிக்கு வந்தார். பிறகு மும்பை போனார், கேரளம் போய் மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்த்தார். அவர் நாட்டின் கம்பெனி சோழமண்டலக் கரையில் தலைமையிடம் அமைத்த பழவேற்காடு அந்தப் பயணத்தில் இல்லை. குறை சொல்ல அவசியமில்லை. காட்ட நம்மிடம் பூட்டிய வாசல்தானே இருக்கிறது.

தில்லியில் நாடாளுமன்றம் 2010-இல் திருத்திய தொல்சின்னச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இடிப்பவனைத் தடுக்க இது தேவை. ஆனால் தடுப்பது மட்டுமே காப்பாற்றுவது ஆகாது. சதுரங்கப்பட்டினத்துப் பண்டகசாலை துணி வைக்கக் கட்டிய கூடம். மாதத்தில் இரண்டு நாள் அங்கே காஞ்சிபுரத்து நெசவாளரும் சின்னாளப்பட்டி நெசவாளரும் சேலை விரித்தால் எந்தச் சுவருக்கும் கேடு வராது. பழவேற்காட்டுக் கல்லறைப் பலகைகளைத் தமிழில் பெயர்த்து வாசலில் வைத்து, படிக்கச் சொல்ல உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேரைப் பழக்கினால் திலக் மார்க்கின் கஜானா காலியாகிவிடாது.

அதுவரை நம்மால் ஆவது ஒன்று உண்டு. அடுத்த முறை மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலோடு திரும்பாமல் இன்னும் 15 கிலோமீட்டர் தெற்கே வண்டியை விடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய், அந்தச் செங்கல் சுவர் நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.